உன் பேரோடு ஒட்டிக்கொண்ட செடி

என் ஆசைத் தம்பி முருகேசா,

நீ போனபிறகு வந்த முதல் மழைக்காலம் இந்த வடக்கு அந்தமானில், நம் திக்லிபூரில் முடிந்துவிட்டது. செல்வி உன் ரசமட்டத்தைத் துணியில் சுற்றி அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். வேறு மேஸ்திரி யாராவது இரவல் கேட்டால், இல்லை என்று சொல்லிவிடுகிறாள். உன் மனைவி பொய் சொல்லி நான் பார்த்தது அது ஒன்றுதான்.

சுனாமி என்றால் இங்கே எல்லோரும் கடலைப் பற்றித்தான் பேசுவார்கள். வீடு கட்டுகிறவன் நீ. அதற்கு முன்னால் நிலம் ஆடியதில் சரிந்த சுவர்களைப் பற்றிப் பேசுவாய். “கனமான சுவரு மேல விழுந்தா ஆளு தப்ப முடியாதுக்கா” என்பாய். சிமெண்ட் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரவேண்டும். கடற்கரை மணலை அள்ள முடியாது. பின் எதைக் கொண்டுதான் இந்தத் தீவில் வீடு கட்டுவது? அந்தக் கேள்விதான் உன்னை ஹெம்ப் செடியிடம் கொண்டுபோனது.

அதன் தண்டின் உள்சக்கையைச் சுண்ணாம்போடு கலந்து, மரச்சட்டங்களுக்கு நடுவே அடைத்தால் பாரமில்லாத சுவர் கிடைக்கும் என்று எங்கோ படித்துவிட்டு வந்தாய். பட்டையில் கயிறும் துணியும், விதையில் எண்ணெயும் எடுக்கலாம் என்றாய். நெல் அறுத்தபின் சும்மா கிடக்கும் உன் வயலைக் காட்டி, “இதுல ஒரு வீட்டுச் சுவரு படுத்துக் கெடக்குக்கா” என்று சிரித்தாய்.

கஞ்சா இனம்தானே என்று நானும் பயந்தேன். நீதான் மரவள்ளியைக் காட்டினாய். ஒரே செடிதான், அதில் விஷம் ஏறிய கசப்பு ரகமும் உண்டு, நாம் வேகவைத்துத் தின்னும் ரகமும் உண்டு. அப்படித்தான் போதை ஏறாத அளவுக்குத் தேர்ந்து எடுத்த ரகம் இது. வாழ்நாளெல்லாம் பிள்ளைகளுக்கு உதாரணம் சொல்லியே பிழைத்தவள் நான். அன்றைக்கு நீ சொன்னதில் எனக்குத் திருத்த ஒன்றுமில்லை.

விதை தருகிறேன் என்று மெயின்லேண்டிலிருந்து ஒருவர் வந்தாரே, நினைவிருக்கிறதா? “கவர்மெண்ட் ஆர்டர் வரட்டும் சார், அப்புறம் வாங்க” என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தாய். ஒரு விதைகூட நீ தொடவில்லை. அலுவலகத்துக்குப் போய் அனுமதி கேட்டாய், அவ்வளவுதான். அந்தப் பேச்சு கடைத்தெருவுக்குப் போய்விட்டது.

உன் வயலின் ஓரத்தில் பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார லட்சுமம்மா கோங்குரா போட்டிருந்தார். நம் ஊரில் புளிச்சகீரை. அதன் இலையும் விரல் விரித்தாற்போல இருக்கும். யாரோ பார்த்துவிட்டுக் கஞ்சா என்று சொல்ல, போலீஸ் வந்து பாதியைப் பிடுங்கிப் போட்டது. லட்சுமம்மா கையில் கரண்டியோடு ஓடி வந்தார்.

“அரே பையா, யே தோ கோங்குரா ஹை, வெறும் கீரை. ஒரு இலையைத் தின்னு பாரு. போதை ஏறினா நானே உன் பின்னாடி ஜெயிலுக்கு வர்றேன்.”

இளைய போலீஸ்காரர் ஓர் இலையைக் கடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். “கட்டா ஹை, சார்” என்றார், புளிக்கிறதாம். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அதோடு முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தோம்.

முடியவில்லையே, தம்பி. ‘கஞ்சா மேஸ்திரி’ என்ற பேர் உன் மேல் ஒட்டிக்கொண்டது. முதலில் விளையாட்டாகக் கூப்பிட்டார்கள். பிறகு வீட்டு வேலைக்கு உன்னைக் கூப்பிடுவது குறைந்தது. நீ பேசுவதும் குறைந்தது. நெஞ்சுவலி வந்து உன்னைத் தெற்கே போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன கடைசி வழியில்கூட, “செல்வி, என்னைப் பத்தி யாரு என்ன சொன்னாலும் நீ பதில் சொல்லாத” என்றாயாம். அந்த நேரத்திலும் உனக்கு அதுதானா கவலை?

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். போர்ட் பிளேரில் விவசாயிகளின் கருத்தைக் கேட்க ஒரு கூட்டம் போட்டார்கள். நான் போய் எழுந்து நின்றேன். பின்னாலிருந்து ஒருவர், “கஞ்சா மேஸ்திரியோட அக்கா வந்தாச்சு, பிரசாதம் உண்டா டீச்சர்?” என்றார். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தேன். வகுப்பில் பழகியதுதான்.

பிறகு கேட்டேன். “குருமாவுக்குக் கசகசா அரைக்கிறோம். அபின் எடுக்கிற செடியோட விதைதான் அது. அந்தச் செடிக்கே அரசாங்கம் லைசென்ஸ் கொடுத்துக் காவல் போட்டு வளர்க்க விடுது. போதை ஏறாத செடிக்கு ஏன் முடியாது?” போதைப்பொருள் சட்டத்திலேயே நாருக்கும் விதைக்கும் அனுமதி கொடுக்க இடம் இருப்பதையும், உத்தராகண்டில் உரிமம் கொடுத்திருப்பதையும் சொன்னேன்.

அதிகாரி நல்ல மனிதர். “மேடம், இது தீவு. வெளிச்செடி பரவினா என்ன பண்றது?” என்றார். நியாயமான கேள்வி. புள்ளிமானைக் கொண்டுவந்து இங்கே விட்டவர்களும் நல்லது என்றுதான் நினைத்திருப்பார்கள்; இன்று அது நம் பயிரை மேய்கிறது. அதனால் முதலில் வேலி போட்ட ஒரு சோதனை வயல் போதும், ஒவ்வொரு பயிரையும் பரிசோதியுங்கள், போதை அளவு மீறினால் அழித்துவிடுங்கள் என்றேன். மேலிடத்து உத்தரவு வரட்டும், பார்க்கலாம் என்றார். வரும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் நம்பிவிடவில்லை.

திரும்பி வந்து சொன்னதும் செல்வி அழுதாள். “விட்டுடுங்க மதினி. நீங்க பேசப்பேச அந்தப் பேருதான் திரும்பத் திரும்ப வருது. செத்தவரையாவது சும்மா விடட்டும்.”

அவள் சொல்வது சரிதானே? ஆனால் நான் வாயை மூடிக்கொண்டால், அந்தப் பேர் மட்டும்தானே இந்த ஊரில் மிஞ்சும்? இதையும் அவளிடம் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்பில் விறகைத் தள்ளினாள்.

பிறகு சொன்னாள். “அப்ப பேசுங்க. ஆனா மேஸ்திரி, தம்பின்னு பொதுவாச் சொல்லாதீங்க. அவரு பேரைச் சொல்லிப் பேசுங்க. கேட்டுட்டுக் காத்திருந்தவரு, திருட்டுத்தனமா ஒண்ணும் நடலைன்னு சொல்லுங்க.”

அவள் சொன்னதற்காகத்தான், முருகேசா, உனக்கு எழுதுவதை ஊர் படிக்கும்படி எழுதுகிறேன். உத்தரவு என் காலத்தில் வருமோ வராதோ தெரியாது. கால் நடக்கும்வரை கூட்டங்களுக்குப் போவேன். எழுந்து நின்றதும் முதலில் முருகேசன் என்பேன். செடியின் பேரைச் சொல்வது அதற்குப் பிறகுதான்.

உன்னோடு கூடப்பிறந்தவள்,
பார்வதி அக்கா