நாலு மணி நேரமும் மூன்றாம் ஓலையும்

இயேசு மரி சூசை துணை

கச்சிராயபாளையம்
28-9-87

சிங்கப்பூரில் இருக்கும் மகன் ராபினுக்கு அப்பா அன்புடன் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் எஸ்தரும் சுகம், கரும்பும் சுகம், நீயும் அப்படியே இருக்க வேண்டிக்கொள்கிறோம். சிங்கப்பூருக்கும் மெட்ராசுக்கும் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர், விமானத்தில் நாலு மணி நேரம், காலை எட்டுக்கு ஏறினால் இங்கே ஒன்பதரைக்கு இறங்கலாம் என்று எழுதியிருந்தாய். அங்கே கடிகாரம் இரண்டரை மணி முந்தி ஓடுவதால் அப்படி என்று நீ விளக்கியதை உன் அம்மா காதில் வாங்கவே இல்லை. "ஒண்ணர மணி நேரந்தான், கள்ளக்குறிச்சி போய்க் கறி வாங்கியார நேரம், அதுக்கு இன்னா இவ்ளோ பிகு பண்றான்" என்று தெரு முழுக்கச் சொல்கிறாள். திரும்பிப் போகும்போது அந்த இரண்டரை மணியைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்றால், விமானக்காரன் மோசக்காரன் என்கிறாள்.

நீ எழுதிய இன்னொன்றையும் யாரும் மறக்கவில்லை. தங்கை கல்யாணம் செப்டம்பர் இருபத்தைந்து, உனக்கு லீவு அக்டோபர் ஐந்துக்கு மேல்தான், நான் இல்லாமலே நடத்திவிடுங்கள் என்றாயே, அதுதான். கோயில் புத்தகத்தில் சாட்சிக் கையெழுத்து அண்ணன்தான் போட வேண்டும் என்று இருந்தவள் எஸ்தர். "யார் போட்டா இன்னா, மை ஒண்ணுதான" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் அழுதாள்.

இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் நடந்த சாலை மறியலைப் பேப்பரில் பார்த்திருப்பாய். செத்தவர்களை நினைத்தால் வேறு பேச்சு வரவில்லை, அதை நேரில் சொல்கிறேன். வழியெல்லாம் புளியமரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கல்யாண ஓலையை மூன்று ஞாயிறு பூசையில் வாசிக்க வேண்டுமே, இரண்டு வாசித்தாயிற்று, மூன்றாவதை வாசிக்க இருபதாம் தேதி மோட்டார் சைக்கிளில் கிளம்பிய சாமியார் பாதி வழியில் திரும்பிவிட்டார். அவர் இருக்கும் ஊரிலிருந்து இங்கே பதினாறு கிலோமீட்டர். உன் விமானக் கணக்கில் ஒன்றரை நிமிடம்கூட இல்லை, அதை அவரால் அன்றைக்குக் கடக்க முடியவில்லை. நாங்களாகவே ஜெபம் சொல்லிவிட்டு எழுந்து வந்தோம்.

மறியல் முடிந்த மறுநாளே சாமியார் வந்து, "ஒரு ஓலைய உட்டுக்குடுக்கலாங்க, மேல நான் சொல்லிக்கிறேன், நாளைக்கே தாலி கட்டட்டும்" என்றார். மணலூர்பேட்டைச் சம்பந்தி வீட்டாருக்கும் அதே எண்ணம். நான்தான் மாட்டேன் என்றேன். மூன்று ஓலையும் வாசித்தால்தான் பெண்ணைக் கொடுப்பேன் என்று பெரிய பக்திமான் மாதிரி நின்றேன். பிரசங்கத்தில் தூங்குகிறவன் நான் என்பது உனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் சிரித்துக்கொண்டே அக்டோபர் பதினாலுக்கு மாற்றிக் கொடுத்தார். மூன்றாம் ஓலை நேற்று வாசித்தாயிற்று. தேதியைத் தந்தியில் சொல்லிவிட்டேன், காரணம் தந்தியில் அடங்காது என்பதால் இந்தக் கடிதம்.

ஆகையால் மகனே, லீவு என்ற சாக்கு போயிற்று, தூரம் என்ற சாக்கை நீயே எழுதிக் கெடுத்துக்கொண்டாய். மெட்ராசிலிருந்து இங்கே வர பஸ்ஸில் உன் விமானத்தைவிட ஜாஸ்தி நேரம் ஆகும், இடுப்பு வலிக்கும், பொறுத்துக்கொள். ஓலைக்காகத்தான் பிடிவாதம் பிடித்தேன் என்று அம்மா இன்னும் நம்புகிறாள், காட்டிக்கொடுக்காதே. நாலு வருஷமாக உன்னைப் பார்க்காமல் எனக்கு முடியவில்லையடா.

ஆண்டவர் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். வரும்போது நல்ல பேனா ஒன்று மறக்காமல் எடுத்து வா, கோயில் புத்தகத்தில் கையெழுத்துப் போட.

இப்படிக்கு,
உன் அப்பா
பிலவேந்திரன்