தீவுகளில் ஓடும் சைக்கிள்

இரத்தோட்டை, 1936

அன்புள்ள மச்சானுக்கு,

தீவுகளிலிருந்து நீங்கள் போட்ட கடிதத்தை லயத்து வீட்டு வாசலில் நின்று சத்தமாகவே படித்தேன். சுருட்டு மூட்டையைக் கேரியரில் கட்டிக்கொண்டு வேலணை முழுக்கச் சுற்றுவதையும், அடுத்த தீவுக்குச் சைக்கிளோடு தோணி ஏறுவதையும் கேட்டு எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். எதிர்காற்று எவ்வளவு அடித்தாலும் நீங்கள் இறங்கித் தள்ளுவதில்லை என்ற இடத்தைத் திரும்பவும் படித்துக் காட்டினேன்.

இங்கே நம் ஆட்கள் துரை பங்களாவைக் கண்டதும் இன்னும் சைக்கிளை விட்டு இறங்கித்தான் போகிறார்கள். இறங்காமல் போன உங்களைத் தோட்டத்தை விட்டே அனுப்பினார்களே, அந்தப் பயம்.

நேற்று தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் துரை என்னைப் பார்த்து, "ஒன் புருசன் இப்ப எங்க?" என்றார். தலையைக் குனியச் சொல்லிக் கங்காணி கண்ணைக் காட்டினார். நான் கூடையை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றேன்.

"தீவுப் பக்கம் சைக்கிள்ல போய்க்கிட்டு இருக்காருங்க தொரை. இன்னும் எறங்கலீங்க."

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள்.

இன்று காலைப் பிரட்டில் வேலைக்கு ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிடும்போது என் பேர் மட்டும் வரவில்லை. அழுதேன் என்று நினைக்காதீர்கள். பெட்டியைக் கட்டிவிட்டேன். அந்தக் கேரியர் ஒரு ஆளைத் தாங்குமா என்பதை மட்டும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
இறங்காத மனுசனின் பெண்சாதி