பச்சைத் துணி கட்டிய குட்டிகள்

என் அருமை மச்சான் கோவிந்தா,

நீ கண்ணை மூடி நாற்பது நாள் ஆகிறது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. தியாகதுருகத்தில் கறிக்கடையைத் திறக்கிறேன், வெட்டுகிறேன், பூட்டுகிறேன். சோறு உப்பா சப்பா என்றுகூடத் தெரியவில்லை.

நேற்று மலையடிவாரத்தில் உன் ஆட்டுப் பட்டிக்கு வந்தேன், அடுத்த பக்ரீத்துக்குக் குட்டி பார்க்க. இருபது வருஷப் பழக்கமாச்சே. கிடாய்க் குட்டிகளில் நெஞ்சு அகலமானதற்கு நான் பச்சைத் துணி கட்டுவேன். நீ அதைக் காயடித்துக் கொழுக்க வைப்பாய்.

வருஷா வருஷம் உன் ஆடுகள் சிறுத்துப்போயின. "இன்னா மச்சான், எலி மாதிரி குட்டி போடுது!" என்பாய். மலைப் புல்லைத் திட்டினாய். வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்துப் பார்த்தாய். கடைசியில் உன் பெண்டாட்டி அஞ்சலைமேல் பாய்ந்தாய். "தழைய கம்மியா போட்டு பட்டினி போடற" என்று என் முன்னாலேயே கத்தினாய். அவள் அரிவாளை எடுத்துக்கொண்டு மறுபடி தழை வெட்டப் போனாள். அதற்குப் பிறகு நீயும் அவளும் சரியாகப் பேசிக்கொள்ளவே இல்லையாமே?

கள்ளக்குறிச்சிப் பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்தும் உன் மகள் செல்வி வந்திருந்தாள். பட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"காட்டுல நரி நோஞ்சானத்தான் புடிக்கும் மாமா. வலுத்தது தப்பிச்சி குட்டி போடும். நம்ம பட்டியில தலைகீழு. வலுத்ததுக்கெல்லாம் துணி கட்டி காயடிச்சிட்டோம். சின்னதுங்கதான் மிஞ்சி இணை சேந்துச்சி. குட்டி அப்பன மாதிரிதானே இருக்கும்? எனக்கே இப்பதான் உறைக்குது."

"அப்ப தழை?"

"அம்மா ஜாஸ்தியாத்தான் போட்டுக்கினு இருந்துச்சி."

அவள் என்னைக் குத்திச் சொல்லவில்லை. ஆனால் இருபது வருஷமாகத் துணி கட்டியது என் கைதானே.

அஞ்சலையிடம் போனேன். "தப்பு உன்னுது இல்லம்மா. நல்லதையெல்லாம் பொறுக்கிக்கினு போனது நான்தான்" என்றேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"அவரு இருக்கறப்ப சொல்லியிருக்கக் கூடாதாண்ணா?"

எனக்கே நேற்றுதானே தெரியும், கோவிந்தா. அது ஒரு பதிலா?

பட்டியில் ஒரு செவலைக் கிடாய்க் குட்டி நிற்கிறது, மற்றதெல்லாம் அதன் தோளுக்குக் கீழேதான். அஞ்சலையே பச்சைத் துணியை எடுத்து வந்து, "எப்பவும் போல கட்டிட்டுப் போங்கண்ணா" என்றாள். வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். இதை எழுதும்போதும் அது பையில்தான் இருக்கிறது.

அந்தச் செவலைக்கு நான் துணி கட்ட மாட்டேன், வேறு எவனையும் கட்ட விடவும் மாட்டேன். அது அங்கேயே வளர்ந்து இணை சேரட்டும். அதன் குட்டிகளுக்கும் அஞ்சலை அதே தழையைத்தான் போடப்போகிறாள். வளர்கிறதா இல்லையா, நீயே பார்.

அஞ்சலைக்கு அண்ணன், உனக்கு என்றும் மச்சான்,
காதர்