ஊர்ப் பெயர் சொல்லி எடுத்த அறை

பக்கத்து வீட்டு அக்கா இன்று காலை தையல் மெஷினை வாசலுக்கு இழுத்துப்போட்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அலுவலகத்துக்குக் கிளம்ப சேலையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த நான், ஜன்னல் வழியே அந்த மணம் வந்ததும் அப்படியே நின்றுவிட்டேன். தியாகதுருகத்து மாடி அறையில் மூன்று வருடம் நாம் சுவாசித்த மணம் அது. வருகிற மாசியோடு நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. காய்ச்சல் என்று படுத்தவள் பத்தே நாளில் போய்விட்டாய். உன்னிடம் நான் சொல்லாமலே விட்ட ஒன்று இருக்கிறது.

கல்லூரி விடுதிப் பட்டியல் ஒட்டியிருந்த பலகைக்கு முன்னால்தான் உன்னை முதலில் பார்த்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நீயோ கடைசிப் பெயர் வரை விரல் வைத்துப் படித்துவிட்டுத் திரும்பினாய்.

"உன் பேரும் இல்லியா? அப்ப வா, ரெண்டு பேருமா ரூம் தேடலாம்."

அதற்குப் பிறகுதான் என் பெயரையே கேட்டாய்.

கல்வராயன் மலையில் எங்கள் ஊரிலிருந்து காலையில் கிளம்பும் பஸ் கள்ளக்குறிச்சிக்கு வந்து சேர்வதற்குள் இரண்டு வகுப்பு முடிந்துவிடும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டி வந்தவள் நான் ஒருத்திதான். "சனிக்கெழம வரைக்கும் பாரு. எடம் கெடைக்கலன்னா வந்து கூட்டிக்கினு போயிட்றேன்" என்று அப்பா சொல்லியிருந்தார். கோபமாகச் சொல்லவில்லை. பயந்துபோய்ச் சொன்னார்.

அந்த வாரம் முழுக்கக் களமருதூரில் உங்கள் வீட்டில் தங்கினேன். உன் அம்மா நடவுக்குப் போகும் முன் எனக்கும் சேர்த்துச் சோறு கட்டிவைப்பார். இரண்டு பஸ் மாறிக் கல்லூரிக்கு வருவோம். வகுப்பு முடிந்ததும் தெருத் தெருவாகப் போய்க் கதவைத் தட்டுவோம்.

எல்லா வீட்டிலும் முதல் கேள்வி ஒன்றுதான். எந்த ஊர்? நான் மலை என்றதும் முகம் மாறும். "மலையா? சாராயக் கேசு அது இதுன்னு போலீஸ் வந்து நிக்கும்மா, நமக்கு எதுக்கு" என்றார் ஒருவர். சாமை விதைக்கும் என் அப்பா அதைக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். உன்னிடம் கேள்வி அதோடு நிற்காது. "களமருதூர்ல எந்தப் பக்கம்?" என்பார்கள். "காலனிங்க" என்பாய், மணி கேட்டவருக்கு மணி சொல்வதைப் போல. பிறகு அந்த அறைக்கு ஏற்கெனவே ஆள் வந்துவிட்டதாகச் சொல்வார்கள்.

வியாழக்கிழமை, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த வீட்டில், நீ வாய் திறக்கும் முன் நான் முந்திக்கொண்டேன். இருவரும் சின்னசேலம், சொந்தக்காரப் பிள்ளைகள் என்று சொன்னேன். அந்த அம்மா சிரித்த முகமாகச் சாவியைக் கையில் கொடுத்தார். ஜன்னல் வைத்த அறை. குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டியது. "சின்னசேலத்துல யார் வூடு?" என்று அவர் பேச்சுவாக்கில்தான் கேட்டார். நான் ஏதோ ஒரு தெருப் பெயரைத் தேடிக்கொண்டிருந்தபோது, என் கையிலிருந்த சாவியை எடுத்து நீ அவரிடம் நீட்டினாய்.

"இவ மலைங்க. நான் களமருதூர் காலனிங்க. பயத்துல மாத்திச் சொல்லிட்டா. தெரிஞ்சே குடுக்கறதுன்னா குடுங்க."

அவர் சாவியை வாங்கிக்கொண்டார்.

பஸ்ஸில் ஏறியதும் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். உனக்கென்ன, வீட்டிலிருந்தே வந்துபோய்விடுவாய், மலைக்குத் திரும்பிப் போகப்போகிறவள் நான்தானே என்று மனதுக்குள் உன்னைத் திட்டினேன். களமருதூர் நெருங்கும்போது நீ மெதுவாகச் சொன்னாய்.

"திட்டணும்னா திட்டுடி. ஆனா அந்த வூட்ல தெனமும் ஊரு பேர முழுங்கிக்கினு இருக்கணும். உங்கப்பா உன்னப் பாக்க வந்தா இன்னா பண்ணுவ? யாரோன்னு சொல்லுவியா?"

களமருதூர் வந்ததும் உனக்கு முன்னால் இறங்கி நடந்தேன்.

மறுநாள் மாலை, கள்ளக்குறிச்சியில் எந்த வீடும் அமையாமல் திரும்பிக்கொண்டிருந்தோம். தியாகதுருகத்தில் பஸ் நின்றபோது, தையற்கடைக் கதவில் சாக்பீஸால் 'மாடி ரூம் காலி' என்று எழுதியிருந்ததைப் பார்த்து என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினாய். மெஷினில் உட்கார்ந்திருந்த அக்கா நிமிர்ந்து பார்ப்பதற்குள், "நான் காலனிங்க, இவ மலைங்க, காலேஜ் படிக்கிறோம், ரூம் வேணும்" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாய்.

அவர் வாயில் கடித்திருந்த நூலைத் துப்பினார்.

"அத நான் கேக்கவே இல்லியே பாப்பா. தண்ணி ஒரு நாள் வுட்டு ஒரு நாள்தான் வரும். மேல தகர சீட்டு போட்டது, வெயில் ஜாஸ்தி. சமாளிப்பீங்களா?"

நீ சிரிக்க ஆரம்பித்தாய். நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சனிக்கிழமை அப்பா வந்தார். கோட்டைக் குன்றைப் பார்த்திருந்த அந்தச் சின்ன அறையைச் சுற்றிப் பார்த்தார். கீழே தையற்கடை அக்கா அவருக்குத் தண்ணீர் கொடுத்து, "மலைல இந்த வருசம் மழ எப்டிங்க?" என்று கேட்டார். அப்பா வெகுநேரம் அவரிடம் சாமையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். போகும்போது தனியாகத்தான் பஸ் ஏறினார். நீ கேட்ட கேள்விக்கு அப்போதுதான் எனக்குப் பதில் தெரிந்தது. வியாழக்கிழமை சாவி கொடுத்த அந்த வீட்டில் இருந்திருந்தால், கீழே வந்து நிற்கும் அப்பாவை யாரோ என்றுதான் சொல்லியிருப்பேன்.

மூன்று வருடம் ஒரே பாயில் படுத்தோம். ஆனாலும் அந்த பஸ்ஸில் நான் காட்டிய முகத்துக்காக உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை என்று நீ நினைத்திருக்கலாம். எனக்குத் தேவையாக இருந்தது. நீ செய்ததுதான் சரி.

இப்போது எனக்குக் கள்ளக்குறிச்சி அலுவலகத்துக்கு மாற்றல் ஆகியிருக்கிறது. மறுபடியும் வீடு தேடுகிறேன். போன வாரம் ஒரு வீட்டுக்காரர் எல்லாம் பேசி முடித்து, கடைசியில் பெயர் கேட்டார். பெயரோடு ஊரையும் சேர்த்தே சொன்னேன். "சொல்லி அனுப்பறேன்மா" என்றார். அனுப்பவில்லை. நேற்று அடுத்த தெருவில் இன்னொரு வீட்டுக் கதவைத் தட்டினேன். வயதான ஒருவர் திறந்தார். அவர் எதுவும் கேட்கும் முன்பே, "நான் கல்வராயன் மலைங்க, வூடு பாக்க வந்தேன்" என்றேன்.

உன்னுடைய அந்த ஒரே மூச்சு இப்போது எனக்கும் வருகிறது.