எருக்கஞ்செடிக்கு உன்னை மாப்பிள்ளை ஆக்கினார்கள்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், சிரித்துத் தொலைக்காதே. இன்று காலை உன்னுடைய ஸ்பாஞ்ச் வைத்த பாடியைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். பீரோவில் வேறு எதையோ தேடும்போது கையில் அகப்பட்டது. மூக்கில் வைத்துப் பார்த்தேன். மேடை ஏறுமுன் கழுத்துவரை அப்பிக்கொள்வாயே அந்த பான்கேக் வாசனை, அதன்மேல் அடிக்கிற மல்லிகை சென்ட், அடியில் உன் வியர்வை, எல்லாம் அப்படியே இருந்தன. துவைக்க மனசு வரவில்லை. போட்டுக்கொண்டேன். ஐம்பதைத் தொடப்போகிற பொம்பளை மண்டி மொஹல்லா சந்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். பழக்கடைக்காரர் இரண்டு தடவை வணக்கம் சொன்னார்.

அதைத் தைத்துக் கொடுத்தவளும் நான்தானே. நஞ்சன்கூட்டில் தேர்த்திருவிழா ஆர்கெஸ்ட்ராவில் ஆடப்போகிறேன், ரவிக்கை நிற்கமாட்டேன் என்கிறது என்று என் தையல் கடைக்கு நீ முதல்முதலாக வந்தாய். அளவெடுத்துவிட்டு, இது ரவிக்கையா இல்லை கொடிக்கம்பத்துக்கு உறையா என்று கேட்டேன். கடையில் இருந்த பெண்களெல்லாம் சிரித்தார்கள். நீ கோபித்துக்கொண்டு போய்விடுவாய் என்று நினைத்தேன். நீயோ, "கம்பத்துக்கு ரெண்டு லட்டு வெச்சுக் குடு அக்கா" என்றாய். இந்த ஊரில் என் வாய்க்கு ஒரு ஜோடி கிடைத்துவிட்டாள் என்று அன்றைக்கே தெரிந்துபோனது.

பிறகு டாக்டரிடம் போய் மாத்திரை, ஊசி என்று ஆரம்பித்தாய். ஒரு நாள் அந்த ஸ்பாஞ்ச் பாடியைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாய். "இனிமே எனக்கு பேடா, வேணாம் அக்கா. உனக்குத்தான் வேணும்" என்றாய். அந்த வாய்க்கு உன்னை அடித்திருக்க வேண்டும். சேலத்திலிருந்து இந்தக் கன்னட ஊருக்குக் கட்டிக்கொண்டு வந்தபோதுகூட என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

உன் மொபைலை என் கையில் திணித்ததும் நீதான். மாசத்துக்கு ஒரு தடவை என் வீட்டுக்கு வருவாய். மேக்கப் இல்லாமல், முடியை ஒதுக்கிவிட்டு நிற்பாய். நான் போனைப் பிடிக்க வேண்டும். "இந்த மாசம் இவ்ளோ தூரம் வந்திருக்கேன், பாருங்க" என்று ஆரம்பிப்பாய். தோல் எப்படி மாறியிருக்கிறது, தாடையில் முடி எடுத்த இடம் எப்படி எரிகிறது, காரணமே இல்லாமல் எதற்கு அழுகை வருகிறது, எல்லாவற்றையும் ஊருக்கே சொல்வாய். ஆர்கெஸ்ட்ராவில் ஜிகினா உடையோடு உன்னைப் பார்த்தவர்கள் இப்படிப் பார்த்ததில்லை. நானோ போனுக்குப் பின்னால் நின்றுகொண்டு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டேன். தாடை உரித்த கோழி மாதிரி இருக்கிறது என்பேன். குரலை மெலிசாக்கிப் பழகுகிறேன் என்று நீ பேசிக்காட்டினால், பால்காரர் வந்திருக்கிறார் பார் என்பேன். நீ பேச்சை நிறுத்திவிட்டுச் சிரிப்பாய், நானும் சிரிக்க, போன் என் கையில் குலுங்கும். அந்தச் சிரிப்போடுதான் போடுவாய். வெட்டிவிடேன் என்றால் கேட்கமாட்டாய். பின்னால் சிரிக்கிற அக்கா யார் என்று எவ்வளவு பேர் கேட்டார்கள். காட்டவே இல்லையே நீ. அக்காவைக் காட்டினால் பார்க்கிற ஜனம் ஓடிவிடும் என்று பதில் போட்டாய், கழுதை.

திட்டி எழுதுகிறவர்களுக்கெல்லாம் "சாப்டீங்களா?" என்று பதில் போடுவாய். நான் மூன்றாம் கிளாஸோடு நின்றவள், கன்னடமும் இங்கிலீஷும் படிக்க வராது. நீதான் படித்துக் காட்டுவாய். நல்லதாகவே படித்துக் காட்டுவாய். இப்போது போன் என்னிடம் இருக்கிறது. தமிழில் உள்ளதை எழுத்துக் கூட்டிப் படிக்கிறேன். நீ தாண்டித் தாண்டிப் போனதெல்லாம் என்னவென்று இப்போதுதான் தெரிகிறது. இதையெல்லாம் தினமும் ஒருத்தியாகப் படித்துவிட்டு, மத்தியானம் என் கடைக்கு வந்து என் டிபன் பாக்ஸில் கை வைத்து, உப்பு இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாயா? ஒரு தடவை கேட்டேன், எதற்கு இந்த வேண்டாத வேலை, எல்லாரும் ஏசத்தானே செய்கிறார்கள் என்று. "ஏசறதுக்காவது என்னைப் பாத்துத்தான அக்கா ஆகணும்" என்றாய்.

டெங்கு என்றார்கள். நேற்று மேடையில் குதித்தவளை இன்று கட்டிலில் துணி மாதிரிப் போட்டிருந்தார்கள். கடைசியாக நீ என்னிடம் சொன்னதை எல்லாரும் கேட்கிறார்கள், பெரிதாக ஏதாவது இருக்கும் என்று. "போனுக்கு சார்ஜ் போட்டு வை அக்கா" என்றாய். அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரிக்கு உன் அண்ணன் வந்தான். வீட்டை விட்டுத் துரத்தியவன், கையெழுத்துப் போட்டு உன்னை வாங்கிக்கொண்டு போனான். ரத்த சொந்தமாம். நான் வீட்டுக்கு ஓடிப்போய் அந்த அரக்குப் புடவையையும் ரவிக்கையையும் பையில் போட்டுக்கொண்டு, உங்கள் வீடு இருக்கிற ஹெப்பாளுக்கு பஸ் ஏறினேன். கல்யாணம் எப்போது என்று ஒருவன் கேட்டதற்கு, மாப்பிள்ளை வேண்டாம், கல்யாணப் புடவை மட்டும் போதும் என்று ஒரு வீடியோவில் சொன்னாயே, அதற்காக நான் எடுத்து வைத்தது. உன் பிறந்தநாளுக்குக் கொடுக்க இருந்தேன்.

உங்கள் தெருமுனையில் ஃபிளெக்ஸ் கட்டியிருந்தது. பார்த்துவிட்டு வேறு யாரோ செத்திருக்கிறார்கள் என்று தாண்டிப் போனேன். பிறகு கண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். முகம் உன்னுடையது. கழுத்துக்குக் கீழே கோட்டும் டையும். ஃபிளெக்ஸ் கடைக்காரன் எவனோ ஒருவனின் உடம்பில் உன் தலையை ஒட்டி, முடியைக் குறைத்து, மேலுதட்டில் மீசையும் வைத்திருந்தான். தாடையில் ஒவ்வொரு முடியையும் சுட்டுப் பொசுக்கவைத்து, எரிகிறது எரிகிறது என்று என் வீட்டு ஐஸ் கட்டியை எல்லாம் தீர்த்தவளே, கம்ப்யூட்டரில் ஒரே தட்டில் மீசை முளைத்துவிட்டது உனக்கு.

வீட்டுக்குள் போனால் அதைவிடப் பெரிய கூத்து. உன்னைக் கிராப்பு வெட்டிக் கிடத்தியிருந்தார்கள். இடுப்புவரை வளர்த்த முடி எங்கே என்று கேட்டேன். வேட்டி, சட்டை. பக்கத்தில் ஒரு எருக்கஞ்செடியை வேரோடு பிடுங்கி வைத்து, மஞ்சள் துணி சுற்றியிருந்தார்கள். கல்யாணம் ஆகாத ஆம்பிளை செத்தால், தூக்குவதற்கு முன்னால் எருக்கஞ்செடிக்குத் தாலி கட்டவைத்து அனுப்புவது உங்கள் ஆட்கள் வழக்கமாம். அப்படிச் செய்யாவிட்டால் ஆசை அடங்காமல் வீட்டையே சுற்றுமாம். உன் அண்ணன் உன் கையைப் பிடித்து, அந்த விரல்களில் மஞ்சள் கயிற்றைக் கோத்து, செடிக்கு முடிச்சுப் போடவைத்தான். விரலில் நெயில் பாலிஷ் இருந்தது. அவசரத்தில் அதை மட்டும் மறந்துவிட்டார்கள்.

நீ சுற்ற வேண்டும். நன்றாகச் சுற்று. அந்த வீட்டில் ஒரு பாத்திரம் ஒழுங்காக அடுப்பில் நிற்கக் கூடாது.

நான் கத்தினேன். அவள் பொம்பளைடா, பாவிகளா, உயிரோடு இருந்தபோது அவளைப் பெண்ணாகவும் வைத்துக்கொள்ளவில்லை, பிள்ளையாகவும் வைத்துக்கொள்ளவில்லை, செத்த பிறகு மாப்பிள்ளை ஆக்குகிறீர்களா என்று கத்தினேன். இன்னும் நிறைய சொன்னேன், உனக்கே கூச்சமாக இருக்கும். ஆனால் சாவு வீட்டில் பொம்பளை கத்தினால் என்ன சொல்கிறாள் என்று யார் கேட்கிறார்கள்? ஒப்பாரி என்று நினைத்துக்கொண்டார்கள். நான்கைந்து பெண்கள் வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கூடவே அழுதார்கள். நான் ஏசிக்கொண்டே இருந்தேன், அவர்கள் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். வாழ்நாளில் எவ்வளவோ பேரைக் கிண்டல் பண்ணிப் பிழைத்தவள் நான். அன்றைக்கு என் வாய் யாருக்குமே உறைக்கவில்லை.

புடவையை வைக்க முடியவில்லை. ரவிக்கையை மட்டும் சுருட்டி, உன்மேல் விழுந்து அழுகிற சாக்கில், வேட்டிக்குள் உன் இடுப்போரம் செருகிவிட்டேன். எருக்கம்பூ மாலையோடு போனாலும் என் தையலோடுதான் போனாய். ஹூக் எல்லாம் அழுத்தமாகத்தான் வைத்திருந்தேன்.

போன வாரம் உன் அண்ணன் என் வீட்டுக்கு வந்தான். கூட உன் அம்மா. உன் போன் எங்களுக்கு வேண்டும் என்றான். எதற்கு என்றேன். உன் வீடியோ எல்லாவற்றையும் அழித்துப் பக்கத்தையே மூட வேண்டுமாம். கம்பெனி பஸ்ஸில் யாரோ உன்னைப் போட்டுப் பார்த்துவிட்டு இவன் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்களாம்.

"எங்க மானத்தை நீங்கதான் காப்பாத்தணும்" என்றான்.

"சிரிச்சது பஸ்ல இருக்கறவன். அழிக்கறது இவளையா?" என்றேன்.

என் வீட்டுக்காரருக்குக் கட்டட வேலை. தகராறு என்றால் சாந்துச் சட்டியைப் போட்டுவிட்டு ஓடுகிற ஆள். கொடுத்துவிடேன், நமக்கு எதற்கு வம்பு என்று மூலையிலிருந்து முனகினார். உன் அண்ணனுக்குத் தெம்பு வந்துவிட்டது. செத்துப்போன தம்பி நிம்மதியாக இருக்க வேண்டாமா என்று ஆரம்பித்தான். கிராப்பு வெட்டினாய், மீசை ஒட்டினாய், செடியைக் கட்டிவைத்தாய், மண்ணுக்கு மேலே அவள் அவளாக இருக்கிற இடம் இந்த ஒன்றுதான், இதையும் மூடிவிட்டால் அவள் எங்கே போவாள் என்று கேட்டேன். இதை நான் கத்தாமல்தான் கேட்டேன். அதனாலோ என்னவோ இந்தத் தடவை கேட்டது.

உன் அம்மா முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு, "அதுல பேசுமா?" என்றாள்.

"பேசும். சிரிக்கும். என்னைத் திட்டும்."

"ஒரு தடவை காட்டு."

காட்டியிருக்கலாம். காட்டவில்லை. உன் முடியை வெட்டவிட்டவள்தானே இவள் என்று நெஞ்சு எரிந்தது. "அது எல்லாருக்கும் தொறந்து கெடக்குது. எப்ப வேணா, எந்தப் போன்ல வேணா போய்ப் பாரு. உம் மவன் மூடிட்டான்னா உனக்கும் இல்ல" என்றேன். அவள் எழுந்து, "வாடா போலாம். அது அவகிட்டயே இருக்கட்டும்" என்றாள்.

இதற்காக என் கோபம் ஆறிவிட்டது என்று நினைக்காதே. ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்ல உன்னைச் சாகக் கொடுக்க வேண்டியிருந்தது அவளுக்கு. வாசலில் செருப்பு மாட்டும்போது உன் அண்ணன் சொன்னான், தெரிந்தவர்களை எல்லாம் வைத்துப் புகார் போட்டுப் பக்கத்தை மூடவைப்பானாம். செய்வான். கோட்டு மாட்டிவிட்டவன்தானே.

அதனால்தான் நேற்று சாயங்காலம் ஒரு முடிவுக்கு வந்தேன். இந்த மாச வீடியோ எங்கே, அக்கா எங்கே காணோம் என்று கீழே கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நீ போய்விட்டாய் என்று அவர்களுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. பாதிப் பேருக்கு அந்த ஃபிளெக்ஸ்தான் முதலில் போய்ச் சேரும். அதற்குமுன் நான் சொல்லிவிட வேண்டும். தலை வாரி, பொட்டு வைத்து, நீ சொல்லிக்கொடுத்த மாதிரி லைவ் பட்டனைத் தட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். முடி, மீசை, எருக்கஞ்செடி, செருகி வைத்த ரவிக்கை வரைக்கும். இந்தப் பக்கம் மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வேறு எங்காவது எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். ஒரு இடத்தில்கூட அழவில்லை. நடுவில் ஒரு கிண்டலும் பண்ணவில்லை, நம்பினால் நம்பு. அரை மணி நேரம் பேசியிருப்பேன். மேலே இதயங்கள் பறந்துகொண்டே இருந்தன, அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். உன்னுடைய ஜனம் நல்ல ஜனம்தான். எடுத்து வைத்துக்கொண்டோம் என்று நிறைய பேர் எழுதினார்கள். இனிமேல் உன் அண்ணன் எத்தனை போனைத் தேடி அழிப்பான்? நீ இப்போது ஊரெல்லாம் இருக்கிறாய். அந்தத் திமிரைத்தான் நெஞ்சில் வைத்துக்கொண்டு திரிகிறேன்.

முடித்துவிட்டு நானே போட்டுப் பார்த்தேன். குரல் தெளிவாக இருந்தது. முகம் இல்லை. போனை உன்னைப் படம் பிடிக்கிற மாதிரியே பிடித்திருக்கிறேன், கேமரா எதிர்ப்பக்கம் பார்த்திருக்கிறது. அரை மணி நேரமும் என் வீட்டுக்காரர் சுவரோரமாக உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். விளக்கு வைத்த பிறகு நகம் வெட்டினால் குடும்பத்துக்கு ஆகாது என்று ஓர் அம்மா எழுதியிருந்தார்கள். அவரிடம் சொன்னேன். இன்னொரு கால் பாக்கி இருக்கிறது என்றார்.