காருக்கடியில் விரித்த பேப்பர்

அன்பு மச்சானுக்கு,

நலமா என்று கேட்டால் சிரிப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ரப்பர் தோட்டத்துக்கு வந்து பஸ்ஸிலிருந்து இறங்கியதும் நான் முதலில் கேட்பது அதைத்தான். "கார் நல்லாருக்கு மாப்ள" என்பீர்கள். நான் உங்களைப் பற்றித்தான் கேட்டேன் என்பது உங்களுக்குக் கடைசிவரை தோன்றவே இல்லை.

இந்தப் பத்தியை வாராவாரம் எழுதுகிற 'பொடிமட்டை' யார் என்று வாசகர்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். இந்த வாரம் அவனுக்கு விடுப்புக் கொடுத்துவிட்டு என் சொந்தப் பெயரில் எழுதுகிறேன். வாசகர்கள் பக்கத்தில் நின்று கேட்பார்கள். கேட்கட்டும். அன்று என்னோடு சேர்ந்து சிரித்தவர்களும் அவர்கள்தானே.

முதலில் தோட்டத்துச் செய்தி. நம் பக்கத்தில் ஊரடங்கை எடுத்துவிட்டார்கள். லயத்து வீடுகளைச் சுற்றியிருந்த முள்கம்பி வேலியைப் பிரித்துச் சுருட்டி வைத்திருக்கிறார்கள். வேலைக்குப் போகிறவர்களின் சோற்றுப் பாத்திரத்தை யாரும் திறந்து, காட்டில் இருப்பவர்களுக்கு அரிசி கடத்துகிறார்களா என்று கிளறுவதில்லை. அப்படியானால் அவசரகாலம் முடிந்துவிட்டதா என்று ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணியைக் கேட்டேன். அதைப் பற்றித் தமக்கு இன்னும் கடிதம் வரவில்லை என்றார்.

நீங்கள் ஓட்டிய துரையின் காரில் குண்டு துளைக்காமல் இருக்கப் பொருத்திய இரும்புத் தகடுகளையும் கழற்றிவிட்டார்கள். இரண்டு தகடுகள் ஆபீசுக்குப் பின்னால் சாக்கடை மூடியாகக் கிடக்கின்றன. அவை வந்திறங்கிய அன்று நீங்கள் மட்டும்தான் மகிழ்ச்சி அடையவில்லை. காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொன்னீர்கள்: "பாரம் ரொம்ப ஏறிப்போச்சு மாப்ள. ஓடுறது பெரிசில்ல, நிக்கணும்."

நிற்க வேண்டுமே என்ற கவலையில்தான் உங்கள் காலைச் சோதனை இன்னும் நீண்டது. நான் அன்று பத்தியில் உங்களைப் பற்றி எழுதியதில் பாதிதான் இருந்தது. முழுதும் இப்போது எழுதிவிடுகிறேன். ஊரடங்கு விலகி லயத்துக் கதவு திறந்ததும் முதல் ஆளாகக் கார் கொட்டகைக்குப் போவீர்கள். நாலு டயரையும் விரல் முட்டியால் தட்டிக் காது கொடுப்பீர்கள். ஆணியோ கல்லோ ஏறியிருக்கிறதா என்று உள்ளங்கையால் தடவுவீர்கள். சக்கரத்து நட்டுகள், முன்விளக்கு, பின்விளக்கு, கண்ணாடி, கதவுப் பூட்டு. பானட்டைத் தூக்கித் தண்ணீர், எண்ணெய், பெல்ட், பாட்டரி. அப்புறம் உள்ளே ஏறி ஸ்டியரிங்கை ஆட்டுவீர்கள், கிளட்சை அழுத்துவீர்கள், கியரை மாற்றிப் பார்ப்பீர்கள், பிரேக்கை மூன்று தரம் மிதிப்பீர்கள், கைப்பிரேக்கை இழுப்பீர்கள், வைப்பரை ஓடவிடுவீர்கள். ஹார்னை ஒரே தரம், துரை வீட்டு நாய்க்கு மட்டும் கேட்கிற மாதிரி. வெளியே பதினொன்று, உள்ளே ஏழு. துரை ஒரு பைசா கூடுதலாகக் கொடுத்ததில்லை. கொடுக்க வேண்டும் என்று உங்களுக்கும் தோன்றியதில்லை.

இவையெல்லாம் நல்ல டிரைவர் யாரும் செய்வதுதான். உங்களுக்கே உரியது அந்தப் பேப்பர். மாலையில் காரைக் கொட்டகையில் விட்டதும் அதன் அடியில் பழைய பேப்பரை விரித்து வைப்பீர்கள். காலையில் குப்புறப் படுத்து அதை இழுத்தெடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பீர்கள், முகர்ந்தும் பார்ப்பீர்கள். கறுப்பாகச் சொட்டியிருந்தால் என்ஜின். நிறமில்லாமல் நனைந்திருந்தால் ரேடியேட்டர். மெல்லிய பழுப்பாகப் படர்ந்து விளக்கெண்ணெய் வாடை அடித்தால் பிரேக். அந்தப் பேப்பர் கட்டை வாராவாரம் மலாக்கா டவுனிலிருந்து சுமந்து வந்தவன் நான்.

மச்சான், அந்த வாரம் எனக்கு எழுத விஷயம் கிடைக்கவில்லை. அது என்ன காலம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அரசாங்கத்தைக் கிண்டல் செய்தால் கம்பி எண்ண வேண்டும். காட்டில் துப்பாக்கியோடு இருந்த கம்யூனிஸ்டுகளைக் கிண்டல் செய்தால் அவர்கள் என்னைத் தேடி வருவார்கள். துரையைக் கிண்டல் செய்தால் உங்கள் வேலை போகும். சிரிப்பதற்கு ஆபத்தில்லாத ஒரு மனிதர் வேண்டியிருந்தது. யோசித்துப் பார்த்ததில் என் அக்காள் கணவர் ஒருவர்தான் மிஞ்சினார்.

நன்றாகத்தான் எழுதியிருந்தேன். அதுதான் வேதனை. 'இந்நாட்டில் பேப்பரைக் கவனமாகப் படிக்கிறவர் ஒரே ஒருவர். அவர் படுத்துக்கொண்டு படிக்கிறார். எண்ணெய் சொட்டாத பக்கத்தில் செய்தி இல்லை என்று தூக்கிப் போட்டுவிடுகிறார். பிறகு காரை வலம் வருகிறார். கற்பூரம் காட்டுவது ஒன்றுதான் பாக்கி.' பெயர் போடவில்லை. பெயர் போடாமல் எழுதுவது நாகரிகம் என்று அப்போது நினைத்தேன். செங் ஊரைத் தாண்டி இருக்கிற நம் தோட்டத்தில் யாருக்கும் பெயர் தேவைப்படவில்லை.

தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார் அதைத் தேநீர்க் கடையில் உரக்க வாசித்தாராம். நீங்களும் சிரித்தீர்களாம். மறுநாள் காலையில் கேட்டில் காரைச் சோதிக்கிற மலாய்க் காவல்காரர், தோட்டத்தில் கற்றுக்கொண்ட தமிழில், "டிரைவர், இன்னிக்கு என்னா செய்தி?" என்றார். பால் வாளியோடு வரிசையில் நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பெரிய கிராணி அதைத் துரைக்கு இங்கிலீஷில் விளக்கிச் சொன்னார். அதற்கப்புறம் துரையும் வண்டியில் ஏறும்போதெல்லாம், "பேப்பர் என்னா சொல்து?" என்று கேட்கத் தொடங்கினார். அவர் உங்களிடம் வேலையைத் தவிர வேறு எதையாவது பேசியது அதுவே முதல் தடவை.

அந்த ஞாயிறு சாப்பாட்டில் அக்கா எனக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "எவன்டா தம்பி அந்தப் பொடிமட்ட? உழைக்கிற மனுசனப் பாத்தா சிரிப்பு வருதா அவனுக்கு? எழுதுன கை வெளங்காமத்தான் போகும்." அந்தக் கை அப்போது அவள் வீட்டுச் சோற்றில் இருந்தது. நீங்கள் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "தம்பிக்குச் சோத்தப் போடு புள்ள" என்றீர்கள். உங்களுக்குத் தெரியும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நீங்கள் படுத்துக்கொண்டு பேப்பர் பார்ப்பதைக் கொட்டகைக்குள் வந்து பார்த்தவன் நான் ஒருவன்தானே.

இரண்டு வாரம் கழித்து வழக்கம்போலக் கட்டைக் கொண்டுவந்தேன். "வேணாம் மாப்ள, கடையில பொட்டலம் மடிக்கக் குடுத்துடு" என்றீர்கள். ஏன் என்று கேட்டேன். "படிச்சு முடிச்சாச்சு."

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் மன்னிப்புக் கேட்டிருப்பேனோ என்னவோ. நீங்கள் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். அப்புறம்தான் கவனித்தேன். உள்ளே செய்கிற ஏழையும் நீங்கள் விடவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு செய்வதை யாரும் பார்க்க முடியாது. வெளியே செய்கிறவற்றில், நின்றுகொண்டு செய்யக்கூடியவற்றை மட்டும் வைத்துக்கொண்டீர்கள். சுற்றுவது நின்றது. குப்புறப் படுப்பது நின்றது. அதைப் பார்த்து எனக்கு வருத்தம் வந்தது என்று எழுத ஆசைதான். வந்தது வேறு. என் எழுத்துக்கு இவ்வளவு செல்வாக்கா என்று நினைத்தேன்.

அந்த வியாழக்கிழமையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சரிவில் கார் மோதிய பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. டவுனில் என் ஆபீசுக்குச் சேதி வந்தபோது முதலில் எல்லாரும் கேட்டது, சுட்டார்களா என்பதுதான். சுடவில்லை, பிரேக் பிடிக்கவில்லை என்று தெரிந்ததும் எல்லார் முகத்திலும் நிம்மதி. அந்தக் காலத்தில் குண்டில்லாத சாவு சாவாகவே கணக்கில் வரவில்லை. என் பேப்பரில்கூட அது வரவில்லை.

சரிவின் அடியில் பால் வாளிகளோடு ஏறி வந்துகொண்டிருந்த பெண்கள்மேல் போகாமல், காரை மண்மேட்டின் பக்கம் திருப்பியிருக்கிறீர்கள். அதுவும் உங்கள் பக்கம் மோதுகிற மாதிரி. துரைக்குத் தோள் எலும்பு மட்டும் முறிந்தது. தகடுகள் நசுங்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் மறுநாள் மத்தியானம்வரை இருந்தீர்கள். அக்காவிடம் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "மூணு தரம் மிதிச்சுப் பாத்தேன் புள்ள, நல்லாத்தான் இருந்துச்சு." அவள் வெந்நீர் வாங்கப் போன நேரத்தில் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டீர்கள். "பொடிமட்ட யாருன்னு அவகிட்ட சொல்லிடாத மாப்ள. கூடப் பொறந்தவன்னு அவளுக்கு நீ ஒருத்தன்தான்."

உங்கள் பேச்சை நான் மறுபேச்சில்லாமல் கேட்டது அது ஒன்றைத்தான். இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவளுக்காகச் சொன்னீர்களா, எனக்காகவா? அல்லது என்னைத் தெரிந்துதான், இவனால் முடிகிற காரியம் இதுதான் என்று கொடுத்தீர்களா?

உங்களை எடுத்த அன்று, காரைப் பிரித்துப் பார்த்த பட்டறைக்காரர் வந்திருந்தார். கூட்டத்தில் யாரோ கேட்டதற்கு, அக்கா காதில் விழுகிற தூரத்திலேயே பதில் சொன்னார்: "ஒரே நாள்ல போனதில்ல லா. குழாய்ல நாலஞ்சு நாளா சொட்டியிருக்கு. அடியில குனிஞ்சு பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்." அவர் மேல் தப்பில்லை. உண்மையைச் சொன்னார்.

அன்றிலிருந்து அக்கா உங்கள்மேல் கோபமாக இருக்கிறாள், மச்சான். அழுதது கொஞ்சம்தான். திதிக்கு எல்லாம் செய்கிறாள். உங்களுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பை மட்டும் வைப்பதில்லை. "தினம் பாக்குற மனுசனுக்கு அந்த நாலு நாளு மட்டும் முதுகு வளையலையா?" இதை என்னிடம்தான் கேட்கிறாள். பிள்ளைகள் குடையை மறந்துவிட்டுப் போனால், அப்பன் மாதிரியே அசட்டை என்கிறாள். உங்கள் வேலை ஒழுங்கைப் பார்த்துத்தான் உங்களைக் கட்டிக்கொண்டதாக ஒரு காலத்தில் லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவள்.

துரை குணமாகி வந்ததும் கார் கொட்டகையில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். ஒவ்வொரு டிரைவரும் தினமும் காலையில் வண்டியை உள்ளும் புறமும் சோதிக்க வேண்டும்; செய்ததும் எதிரே குறி போட வேண்டும். வெளியே பதினொன்று, உள்ளே ஏழு. உங்களைப் பார்த்துத்தான் பட்டியல் எழுதினோம் என்று கிராணி பெருமையாகச் சொன்னார். இப்போதிருக்கிற டிரைவர் நேரத்தை வீணாக்காதவர். வாரம் முழுவதற்கும் திங்கட்கிழமையே குறி போட்டுவிடுகிறார். அவரைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை.

நானும் ஒரு பழைய கார் வாங்கியிருக்கிறேன். நான் குடியிருக்கிற தஞ்சோங் கிளிங்கில் கடல்காற்று பட்டு எல்லாம் சீக்கிரம் துருப்பிடிக்கிறது. அடியில் பேப்பர் விரிக்கிறேன். காலையில் வேட்டியை மடித்துக்கட்டிக் குப்புறப் படுத்து எடுத்துப் பார்க்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் வேலியோரம் நின்று சிரிக்கிறார். இது பிராயச்சித்தம் என்று நினைத்துவிடாதீர்கள். என் கார் பத்திரமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

போன மாதம் உங்கள் சின்னவள் என்னைக் கேட்டாள். நீங்கள் போனபோது அவளுக்கு நடக்கக்கூடத் தெரியாது. இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். உங்கள் மூக்கு அப்படியே. அக்கா பக்கத்தில் இல்லாதபோது மெதுவாகக் கேட்டாள்: "மாமா, அப்பா சோம்பேறியா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "டிரைவருங்க பாதிப் பேரு அப்படித்தாம்மா" என்றேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தேன். கட்டுரையில் உங்கள் பெயரைக் கெடுத்தது அறியாமல் செய்தது என்று வைத்துக்கொள்ளலாம். இது தெரிந்து செய்தது. உங்கள் பேச்சைக் காப்பாற்றுகிறேன் என்ற சாக்கில் உங்கள் வீட்டில் உங்களை அசட்டையான மனிதராக ஆக்கி வைத்திருக்கிறேன். நான் தம்பியாக இருப்பதற்காக நீங்கள் அவர்களுக்கு அப்படி இருக்க வேண்டியிருக்கிறது. நீங்கள் கேட்டது இவ்வளவு பெரிய விலைக்கா? இருக்காது. உங்களுக்குத் தெரிந்திருந்தால் அன்றே வேறு மாதிரி சொல்லியிருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். இதையும் எனக்குச் சாதகமாகத்தான் நினைக்கிறேனோ?

ஆகவே, மச்சான், உங்களுக்குக் கொடுத்த வாக்கை மீறப்போகிறேன். இந்தக் கடிதத்தை எழுதி முடித்து ஆசிரியரிடம் கொடுத்திருக்கிறேன். நான் வந்து சொல்லும்வரை அச்சுக்கோக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். வருகிற ஞாயிறு காலையில், அக்கா சமைக்கத் தொடங்குமுன் லயத்துக்குப் போவேன். அவளையும் இரண்டு பெண்களையும் உட்காரவைத்து, முதல் வரியிலிருந்து நானே வாசிப்பேன். அவள் நடுவில் எழுந்து போனால், பெண்களுக்கு வாசித்து முடிப்பேன். அவர்களையும் இழுத்துக்கொண்டு போனால், கதவுக்கு வெளியே நின்று உரக்க வாசிப்பேன். லயத்தில் எல்லாருக்கும் கேட்கட்டும். அன்று கேட்டில் நின்று சிரித்தவர்களுக்கும் கேட்கட்டும். அவள் என்னை என்ன சொன்னாலும், உங்களைச் சொல்ல இனி அவளுக்கு ஒன்றும் இருக்காது.

இது பேப்பரில் வந்திருந்தால், வாசித்துவிட்டேன் என்று அர்த்தம்.

என்றும் உங்கள் மச்சினன்,
சிவலிங்கம்