எந்தக் காரம்?

இன்று காலை தண்ணீர் இயந்திரம் விற்க ஒருவன் வந்தான். என் வீட்டுக் குழாய்த் தண்ணீரில் ஒரு குட்டி பாட்டிலிலிருந்து ஏதோ மருந்தை ஒரு சொட்டு விட்டான், பச்சையானது. அவன் கொண்டுவந்த தண்ணீரில் விட்டான், நீலம். "நோடி ஆன்ட்டி, பாருங்க, ஆல்கலைன்! எந்த வியாதியும் வராது" என்றான், வாயெல்லாம் பல்லாக. நானா நம்புவேன்? உள்ளே போய் ஒரு டம்ளரில் ஆப்ப சோடா கரைத்து வந்து, "இதுலயும் விடுப்பா" என்றேன். அதுவும் நீலம்தான். பையன் பாட்டிலை மூடிக்கொண்டு நழுவிவிட்டான். நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

இந்த வித்தை நீ கற்றுத் தந்ததுதானே. ஈரோட்டில் தமிழில் படித்து மைசூருக்கு வாழ்க்கைப்பட்ட வேதியியல் டீச்சர் நீ, நர்ஸ் வேலை பார்த்தவள் நான். விஜயநகரில் ஒரே மதிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எவரையும் நம்பாத இரண்டு பெண்கள். பால் சீக்கிரம் புளிக்கவில்லையென்றால், பால்காரர் சோடா கலந்தாரோ என்று லிட்மஸ் காகிதத் துண்டை முக்கிப் பார்ப்பாய். எலுமிச்சைச் சாற்றில் சிவப்பு, சோப்புத் தண்ணீரில் நீலம், அது எனக்கும் புரிந்தது. உப்பு என்றால் அமிலமுமில்லை காரமுமில்லை, பி.எச். அளவில் நடுவில் ஏழு என்று நான் சொன்னபோதுதான் என்னைப் பிடித்துக்கொண்டாய். "உப்புன்னு பேர் வச்சா யோக்கியமாயிடுமாடீ? சமையல் உப்பு ஏழு, சரி. ஆப்ப சோடாவும் உப்புதான், அது ஏழுக்கு மேல. ஈயம் பூசறவங்க வச்சிருக்கிற நவச்சாரமும் உப்புதான், அது ஏழுக்குக் கீழ. எந்த அமிலத்துக்கும் எந்தக் காரத்துக்கும் பொறந்ததுன்னு விசாரி. வலுத்தவங்க பக்கம்தான் சாயும்." மனிதர்களையும் நாம் அப்படித்தான் விசாரித்தோம்.

அப்புறம் உனக்குக் கட்டி வந்தது. கீமோ ஏற ஏற வாயெல்லாம் புண். ஆறின கஞ்சி மட்டும் கொடுக்கச் சொல்லியிருந்தேன். ஆனால் நான் வரும்போதெல்லாம் உன் உதடு வீங்கியிருந்தது, கண்ணில் நீர் வழிந்தது. உன் வீட்டுக்காரர் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டார். "நீங்க போங்க சிஸ்டர், நானே ஊட்டிக்கறேன்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து உனக்கு ஒரு காபி கலந்து தராத மனுஷன்! ஒருநாள் கதவைத் தள்ளிக்கொண்டு போனேன். நெடியில் இருமல் வந்தது. கஞ்சியில் மிளகாய்த்தூளைக் கரைத்துக்கொண்டிருந்தார்.

"கொல்லப் பாக்கறீங்களா அண்ணா?" என்று கத்தினேன்.

அவர் மிரண்டுபோய் போனை நீட்டினார். அவருடைய தங்கை அனுப்பிய குரல் செய்தி. யாரோ ஒருவர் மேடைத் தமிழில் முழங்கினார்: "உடம்பில் காரம் கூடினால் கட்டி கரைந்துவிடும்."

"எரியத்தான் செய்யும் சிஸ்டர். எரிஞ்சாத்தானே கரையும்?" என்றார் அவர்.

கன்னடத்தில் படித்தவர். அவர் வீட்டுத் தமிழில் காரம் என்றால் மிளகாய், கன்னடத்திலும் அதேதான். அமிலத்துக்கு எதிரே இன்னொரு காரம் உண்டென்று அவருக்கு யார் சொன்னார்கள்? அந்தச் செய்தியே புளுகு வேறு. நாம் எதைத் தின்றாலும் ரத்தம் ஏழுக்குச் சற்று மேலேயே நிற்கும்.

உன்னிடம் ஓடிவந்தேன். நீ முதல் நாளே கண்டுபிடித்திருக்கிறாய், பாவி! "கஞ்சியில பேப்பரை முக்கிக்கூடப் பாத்தேன்டீ. அமிலப் பக்கம் காட்டுது" என்று அந்தப் புண்வாயோடு சிரித்தாய். பிறகு என் கையைப் பிடித்தாய். "அவர்கிட்ட அர்த்தத்தைச் சொல்லிடாதே. என் வாயைச் சும்மாவே எரிச்சோம்னு தெரிஞ்சா தாங்கமாட்டார். சத்தியம் பண்ணு."

பண்ணினேன். அவரிடம் போய், "இனிமே காரம் பேடா அண்ணா, நிறுத்துங்க" என்றேன். "யாக்கே?" என்று கேட்டார். காரணம் சொல்லவில்லை. என் வார்த்தைக்கு மரியாதை கொடுத்து நிறுத்தினார். அடுத்த மாதமே நீ போய்விட்டாய்.

இப்போதெல்லாம் மதிலோரம் என்னைக் கண்டால் உள்ளே போய்விடுகிறார். சர்ச்சில் என் வரிசையில் உட்காருவதில்லை. போன ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது நேராகவே கேட்டார்: "கரைஞ்சுக்கிட்டுத்தானே வந்துச்சு சிஸ்டர்? நீங்க ஏன் நிறுத்தச் சொன்னீங்க?"

உனக்குப் பண்ணின சத்தியம் நினைவுக்கு வந்தது. "தப்புதான் அண்ணா" என்றேன். அவர் திரும்பி வாசலைப் பார்த்து நடந்தார்.

போகட்டும் விடு. என்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கும்வரை அவர் தன்னைச் சந்தேகப்படமாட்டார்.